கூலிங்காரர் வீட்டுக் குளிர்காலம்

வெயிலை நம்பிப் பிழைக்கிற மனிதர் குளிருக்குத் தயாரானால் தெரு சிரிக்கத்தான் செய்யும். கூலிங்காரரைப் பார்த்தும் சிரித்தது. அவருக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. உற்சாகம் தலைக்கேறியவர்களுக்குப் பிறர் சிரிப்பது காதில் விழுவதில்லை.

ஏ.சி. பழுது பார்ப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கோடை தொடங்கினால் தெருவே அவரைத் தேடும். முதல் மழை விழுந்ததும் அவர் பெயரைக்கூட மறந்துவிடும். அதனால்தான் பெயரை விட்டுவிட்டு கூலிங்காரர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். மறக்கவும் நினைவுபடுத்திக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது. ஊரைக் குளிர வைக்கிறவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மொட்டை மாடி வெயிலில், அனல் கக்கும் இயந்திரங்களின் பின்பக்கமாகவே கழித்திருந்தார். அவர் வீட்டில் ஏ.சி. கிடையாது. நல்லதை எல்லாம் சரி செய்து கொடுத்துவிடுவார். உரியவர்கள் திரும்பி வந்து கேட்காத நாலைந்து கிழட்டு மெஷின்கள் மட்டும் பட்டறைச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

இப்படிப்பட்டவருக்குக் குளிர்காலப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு துருப்பிடித்த திருகு. நூலக அரங்கில் ஒரு கூட்டம். பாதியில் ஏ.சி. நின்றுபோக, இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கூட்டத்தை நிறுத்தவில்லை, இவர் பாட்டுக்கு ஏணியில் ஏறி வேலை பார்த்தார். மேடையில் ஒரு பேராசிரியர் அணுக் குளிர்காலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உலகமே உறைந்து போகப்போகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். கூலிங்காரருக்கு இந்தப் பேச்சில் எல்லாம் நாட்டம் இல்லை. ஆனால் திருகு அசையவில்லை. அது சட்டென்று கழன்று வந்திருந்தால் அவர் குளிர்காலத்தைத் தவறவிட்டிருப்பார். அது கழலவில்லை, அவர் முழுப் பேச்சையும் கேட்டார். ஏணியில் ஏறியவர் ஒருவர், இறங்கியவர் வேறொருவர்.

"அணுகுண்டு விழுந்து பெரிய பெரிய ஊரெல்லாம் பத்தி எரிஞ்சா அந்தக் கரி அப்படியே மேல போயிடுமாம்," என்று வீட்டுக்குள் நுழையும்போதே மனைவியிடம் ஆரம்பித்தார். "மழை மேகத்துக்கும் மேல. அங்க போயிட்டா கழுவிவிட ஆளே இல்லை. வெயில் கீழ இறங்காது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லம்மா. விதைச்சது முளைக்காது. குண்டு விழாத ஊர்லயும் பட்டினிதான்."

"ஐயையோ. சரி, கையக் கழுவிட்டு வாங்க."

மனைவியை அந்தத் தெரு பார்லர் அக்கா என்று அழைக்கும். பெண்களுக்கு முடி வெட்டுவார், அலங்காரம் செய்வார். கைராசிக்காரி என்று பெயர் உண்டு, கடைதான் கிடையாது. நடுக்கூடத்துச் சாப்பாட்டு மேஜைக்கு முன் ஒரு நாற்காலி, மேஜை மேல் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி, இவ்வளவுதான் பார்லர். சாப்பாட்டில் முடி கிடந்தால் மற்ற வீடுகளில் யார் முடி என்று சண்டை வரும். இந்த வீட்டில் எந்த வாடிக்கையாளருடையது என்று அடையாளம் சொல்வார்கள்.

பின்னறையின் மேல் அந்த அம்மாளுக்கு வெகுநாளாக ஒரு கண். தண்ணீர்க் குழாய் உண்டு, சந்துப் பக்கம் தனி வாசல் உண்டு, வெளிச்சம் உண்டு. ஆனால் உள்ளே மெஷின் ஓட்டை உடைசல். காலி பண்ணித் தருகிறேன் என்று கூலிங்காரர் சொல்லிச் சொல்லியே மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நூலகக் கூட்டம் முடிந்த மறுவாரம் அவர் உண்மையிலேயே அறையைக் காலி பண்ணினார். பெருக்கித் துடைத்து, சுண்ணாம்பு கூட அடித்தார். பார்லர் அக்கா பூரித்துப்போய்ச் சுவருக்குக் கண்ணாடி அளவெடுத்தார். அந்தப் பூரிப்பு ஒரு நாள் தாங்கியது. மறுநாள் வண்டியில் மூட்டைகள் வந்து இறங்கின. அரிசி, பயறு, உப்பு, சர்க்கரை, வேர்க்கடலை, எண்ணெய் டின். அப்புறம் கம்பளிகள். விறகு அடுப்பு. காளான் வளர்க்கிற வைக்கோல் பைகள். வெயில் இல்லாமலே வளரும் என்று அவற்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அந்த ஊரில் கம்பளி விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான், கடைக்காரர் இவரைக் கடவுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டு வருடம் ஆகியும் மூட்டை வருவது நிற்காததால் ஒரு நாள் மனைவி பொறுமையிழந்தார்.

"அப்ப உங்க குளிர்காலம் வர்ற வரைக்கும் நான் சோத்துத் தட்டு பக்கத்துலயே முடி வெட்டிட்டு இருக்கணுமா?"

"வந்தப்புறம் அந்தக் கவலையே இல்லை. யாரும் முடி வெட்டிக்க மாட்டாங்க. குளிருக்கு முடி நல்லது."

"ஏங்க, வாய் கிழியப் பேசறீங்களே, ஒரு வாரம் உங்களால கதவைச் சாத்திட்டு இருக்க முடியுமா? யாரு தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு வெச்சிருக்கீங்க. எவனாவது ஃபிரிட்ஜு குளிரலைன்னு போன் பண்ணா சட்டைப் பொத்தானைத் தெருவுல மாட்டிட்டே போற ஆளு நீங்க!"

அந்தச் சட்டம் உண்மை. நாலு பேருக்குச் சேர்த்த சாப்பாடு நாலு பேருக்குத்தான் வரும். ஒருவருக்குத் திறந்தால் ஊருக்கே திறந்த மாதிரி. ஆகவே கதவு திறக்கப்படாது. வாழ்நாளில் யாரையும் வாசலோடு திருப்பி அனுப்பியறியாத ஒரு மனிதர் யோசித்து யோசித்து இப்படி ஒரு சட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். சிரிப்புக்கு அவர் அசைந்தது கிடையாது. சவால் வேறு.

"இருந்து காட்டவா?"

"காட்டுங்க."

மகள் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். நடுவராக உட்கார அவளை யாரும் கேட்கவில்லை, அவளே உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமை காலை கதவு அடைபடும். ஞாயிறு மதியம்வரை அடைபட்டே இருந்தால் பின்னறை காலாகாலத்துக்கும் அப்பாவுக்கு; அம்மா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இடையில் திறந்தால் அம்மாவுக்கு.

"இதுல ஒரு ஓட்டை இருக்கு," என்றாள் மகள். "அம்மாவே போய்த் திறந்துட்டா?"

பார்லர் அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான் எதுக்குடி திறக்கணும்? அப்படி ஜெயிச்சு எனக்கு அந்த ரூம் வேணாம். இவரு கையால திறக்கணும். இவரே திறப்பாரு, பாத்துட்டே இரு."

அப்படியே தீர்ப்பானது. அப்பா கையால் திறந்தால்தான் கணக்கு.

ஒத்திகைக்கு முதல் இடைஞ்சல், அது நல்ல கோடை. குளிர்காலத்தை எங்கே தேடுவது? கூலிங்காரருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பட்டறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்த கிழட்டு மெஷின்களை எழுப்பினார். கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று சந்துப் பக்கச் சுவரில் பொருத்தினார். பட்டறைக்கென்று வாங்கியிருந்த மின் இணைப்பு இப்போது பயன்பட்டது. இவ்வளவு போதும் என்று மெஷின் தானாக நிற்கிற ஏற்பாட்டைப் பிடுங்கி எறிந்தார். இனி நிற்க வழியே இல்லை. ஜன்னல்களுக்கு ஃபிரிட்ஜ் பெட்டியில் வருகிற தெர்மோகோல், அதன் மேல் கம்பளி, அதன் மேல் டேப். பின்னறையின் சந்து வாசலை ஏற்கெனவே மூட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன. கடைசியாக வாசல் கதவைச் சுற்றி, இடுக்கு விடாமல், பட்டையான டேப்.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, ஒரு சந்தேகம். நிஜமா வந்தா குளிர் வெளிய இருக்கும், நாம உள்ள கதகதன்னு இருக்கணும். இங்க நாம குளிரை உள்ள வெச்சுப் பூட்டறோம்."

"ஒத்திகைன்னா கொஞ்சம் முன்ன பின்னத்தான் இருக்கும்."

"அப்பக் கரண்ட் இருக்காதே?"

"அதுக்கு இன்னொரு ஒத்திகை வெப்போம். நீ அந்த டேப்பை எடு."

மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கனைத்து, இருமி, அதிர்ந்து ஓட ஆரம்பித்தன. கூலிங்காரர் கூடத்து நடுவில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். எத்தனையோ வீடுகளில் மெஷின் ஓடத் தொடங்கியதும் வெளியே போகச் சொல்லப்பட்ட மனிதர், முதல் தடவையாக உள்ளே நின்றார். மதியத்துக்குள் தரை ஜில்லிட்டது. சாயங்காலம் தேங்காய் எண்ணெய் உறைந்தது. எண்ணெய் உறைந்ததைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னாச்சு? ஷாக் அடிச்சிடுச்சா?"

"உறைஞ்சிடுச்சும்மா! பாரேன்! நம்ம வீட்டு எண்ணெய்!"

அந்த வீட்டில் நாலாவது ஆள் கூலிங்காரரின் மாமனார். அவர் எந்தக் கோடையிலும் மஃப்ளரைக் கழற்றியதில்லை. உச்சி வெயிலில்கூடக் கழுத்தைச் சுற்றி, காதை மூடி, மார்பில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருப்பார். சொல்லப்போனால் அவர் பல வருடங்களாகத் தனியாக ஒரு குளிர்காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டார்கள். வீடு உறைந்த மறுநாள் காலையில் அவர் மஃப்ளரைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாமா, குளிரலையா?"

"குளிருது மாப்பிள்ளை. இப்பக் காரணம் தெரியுது. காரணம் தெரிஞ்சா தாங்கிக்கலாம்."

குளிர்காலம் அவர்களுக்குச் சில விஷயங்களைக் கற்றுக்கொடுத்தது. முதலாவது, வீட்டிலேயே சூடான இடம் ஃபிரிட்ஜின் முதுகு. உள்ளே இருப்பதைக் குளிர வைத்து, சூட்டைப் பின்னால் தள்ளுவது அதன் வேலை. கூடத்துக்கும் அதன் உள்பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனதால் அதுவும் குழப்பத்தில்தான் இருந்தது. இருந்தாலும் முதுகு வெதுவெதுவென்று இருந்தது. பார்லர் அக்கா துணியில் கட்டிய பயறை அங்கே தொங்கவிட்டார், முளை விட்டது. அதற்குப் பிறகு நாலு பேரும் முறை வைத்துக்கொண்டு அந்த முதுகில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். காளான்கள்தான் காலை வாரிவிட்டன. வெயில் இல்லாமல் வளரும் என்றுதான் பேச்சு; குளிரிலும் வளரும் என்று அவை யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

"உங்க தங்கங்கள் எழுந்திரிச்சாங்களா?" என்று தினமும் காலையில் மனைவி விசாரித்தார்.

"இன்னும் இல்லை. வெக்கப்படறாங்க."

இரண்டாவது பாடம், பெரிய இடத்தைவிடச் சின்ன இடம் மேல். கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்லர் அக்காதான் ஒன்று சேர்த்தார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அடியில் மெத்தை போட்டு, எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார். நாலு பேர் மூச்சில் அந்த இடம் சீக்கிரமே சூடாகிவிட்டது. அதோடு குளிர்காலத்தின் நிர்வாகமும் அவர் கைக்குப் போய்விட்டது. யார் எப்போது சாப்பிடுவது, எந்தக் கம்பளி யாருக்கு, அடுப்பை எவ்வளவு நேரம் எரிப்பது, எல்லாம் அவர் சொன்னபடிதான். பந்தயத்தில் புருஷன் தோற்க வேண்டும் என்று விரும்ப வேண்டியவர் அந்தக் குளிர்காலத்தையே கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ ஜெயிக்கணும்னா என்னைக் குளிர்ல விட்டுல்ல வெரட்டணும்?" என்று கம்பளிக்குள்ளிருந்து கூலிங்காரர் கேட்டார்.

"நாலஞ்சு நாளா என் வீட்டு வாசப்படியை யாரும் மிதிக்கலை. நின்னுட்டே முடி வெட்டி இடுப்பு போன எனக்கு உட்கார நேரம் கிடைச்சிருக்கு. பேசாம கால நீட்டுங்க."

கூலிங்காரருக்குத்தான் சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கோடை உச்சத்தில் இருந்ததால் போன் ஓயவில்லை.

"அண்ணே, ஏ.சி.ல தண்ணி சொட்டுது, எப்ப வர்றீங்க?"

"நான் ஊர்ல இல்லப்பா."

"எங்க இருக்கீங்க?"

"குளிர் பிரதேசத்துல."

"கொடுத்து வெச்சவரு!"

ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அவர் கால்கள் தாமாக வாசல்பக்கம் நகரும். மகள் புருவத்தைத் தூக்குவாள். கால்கள் திரும்பிவிடும்.

தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த தெரு சுவரைத் தொட்டுப் பார்த்தது. சுவர் ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் முதுகை ஒட்டிக்கொண்டு, வேறு எதற்கோ நிற்பதுபோல நின்றார்கள். "அண்ணே, உள்ள ஓர் ஆளுக்கு இடம் இருக்குமா? ஓரமா உட்கார்ந்துக்கறேன்," என்று ஒருவர் ஜன்னலுக்கு வெளியே குழைந்தார். உலகம் அழியும்போது உள்ளே வரத் துடிக்கிறவர்களைப் பற்றிக் கூலிங்காரர் நிறைய யோசித்திருந்தார். அழியாமல் இருக்கும்போதே வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அவருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

இந்தக் குளிரில் மகிழாத ஒரே ஆள் டைப்பிஸ்ட் அம்மா. சந்துக்கு அந்தப் பக்கத்து வீடு, தனியாக இருப்பவர். ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். இயந்திரங்கள் நின்று வெகுகாலம் ஆகியும் குரல் இறங்கவில்லை. பார்லர் அக்காவிடம் அவர் முடி வெட்டிக்கொள்ள வந்ததே இல்லை. "சாம்பார் ஊத்தற இடத்துல தலையைக் குடுக்க மாட்டேன்," என்பது அவர் கொள்கை. கூலிங்காரர் குளிர்காலத்தைப் பற்றி எல்லாம் யோசித்தார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. உள்ளேயிருந்து எடுக்கிற சூட்டை மெஷின் எங்காவது கொட்டியாக வேண்டும். மூன்று மெஷின்களும் அதைக் குறுகலான சந்தில், டைப்பிஸ்ட் அம்மாவின் சமையலறை ஜன்னலுக்கு நேராகக் கொட்டின. பிறருக்கு வேலை செய்யும்போது இந்தத் தப்பை அவர் செய்யவே மாட்டார்.

"ஏய் கூலிங்கு!" என்று சந்து அதிர்ந்தது. "உனக்குக் குளிர்காலம் வேணும்னா என் வீட்டை எதுக்குய்யா கொளுத்தற?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்குங்கம்மா," என்று இவர் தெர்மோகோலுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார். "அப்புறம் உலகம் சரியாயிடும்!"

"அதுக்குள்ள நான் அப்பளமாப் பொரிஞ்சிடுவேன்!"

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு டைப்பிஸ்ட் அம்மாவின் திட்டுதான் கடிகாரம். காலைத் திட்டு, சமையல் நேரத்துத் திட்டு, மதியத் தூக்கம் கெட்ட திட்டு. இருட்டடைத்த வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. ஒரு மெஷினையாவது நிறுத்திவிடலாமா என்று கூலிங்காரருக்கு உறுத்தாமல் இல்லை. நிறுத்தினால் குளிர் குறையும், குளிர் குறைந்தால் மனைவி சும்மா இருப்பாளா? இன்னும் கொஞ்ச நாள்தானே என்று உறுத்தலை ஒத்திப்போட்டார். ஒத்திப்போட முடிகிற உறுத்தல்களை எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தது. காலைத் திட்டு முடிந்தது, சமையல் நேரத்துத் திட்டும் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு மேஜைக்கடியில் நாலு பேரும் கதை பேசிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். மெஷின்கள் மூன்றும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தின.

"டிரான்ஸ்ஃபார்மர்!" என்றாள் மகள்.

கூலிங்காரர் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். தலை மேஜையில் இடித்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. "இதுதான்! இதுதான்மா நிஜம்! இப்பக் கரண்ட் கிடையாது! இனிமேதான் நம்ம ஏற்பாடு பேசும்!" தெர்மோகோலைத் தடவினார், டேப்பைத் தடவினார். குளிர் ஓர் அங்குலம் அசையவில்லை. வெளியே தெரு முழுக்க மின்விசிறிகள் நின்று, ஜன்னல்கள் திறபடுகிற சத்தமும் புலம்பலும் கேட்டன. உள்ளே உறைந்த எண்ணெய் உறைந்தபடியே இருந்தது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். எழுதி வெச்சுக்கோ!"

"ரூம் போச்சுடி," என்று பார்லர் அக்கா மகளிடம் முணுமுணுத்தார். குரலில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. ஃபிரிட்ஜின் முதுகு ஆறிப்போயிருந்ததால் மாமனார் மஃப்ளரைத் தேடினார். கூலிங்காரர் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று நின்றார்.

"அந்தம்மா திட்டலையே?"

"யாரு?"

"டைப்பிஸ்ட் அம்மா. கரண்ட் போனதுக்கு இந்நேரம் சந்தைப் பிளந்திருக்க வேணாமா? மத்தியானத் திட்டும் வரலை."

எல்லோரும் காது கொடுத்தார்கள். தெருவில் எல்லாக் குரலும் கேட்டது. அந்தக் குரல் மட்டும் கேட்கவில்லை.

"தூங்கறாங்களோ என்னமோ," என்றாள் மகள்.

"இந்த வெயில்லயா?" கூலிங்காரர் சந்துப் பக்கச் சுவரில் காதை வைத்தார். உள்ளங்கையால் தட்டினார். "அம்மா! டைப்பிஸ்ட் அம்மா! ஒரு வார்த்தை திட்டுங்கம்மா!"

இன்னொரு தடவை, இன்னும் பலமாகத் தட்டினார்.

அவர் வாசலுக்குப் போய் டேப்பின் நுனியை நகத்தால் கீறினார். நல்ல டேப், லேசில் வரவில்லை. பார்லர் அக்கா மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்து பின்னால் நின்றார்.

"ஏங்க. உங்க கையால திறந்தா ரூம் எனக்கு. அப்புறம் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"தெரியும்."

"ரெண்டு வருஷமா மூட்டை சுமந்திருக்கீங்க."

"தெரியும்ங்கறேனே! கத்தரிக்கோலைக் குடும்மா முதல்ல!"

கத்தரிக்கோல் பார்லர் அக்கா கையில் ஏற்கெனவே தயாராக இருந்தது. புருஷன் மேல் பக்கத்தை வெட்ட, மனைவி கீழ்ப் பக்கத்தைப் பிய்த்தார். தாழ்ப்பாளை மட்டும் மனைவி தொடவில்லை. அது புருஷன் கையால்தான் நடக்க வேண்டும். கூலிங்காரர் திறந்தார். வெயில் முகத்தில் அறைந்தது. ஒரு வாரமாக மறந்திருந்த கோடை மொத்தமாக உள்ளே பாய, இருவர் கண்ணும் கூசின.

டைப்பிஸ்ட் அம்மாவின் கதவு காற்றுக்காகத் திறந்தே கிடந்தது. சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்தபடி சரிந்திருந்தார். முகம் சிவந்திருந்தது, உடம்பு கொதித்தது, வேர்வையே இல்லை. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் ஆளை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கூலிங்காரர் தோள்பக்கம், பார்லர் அக்கா கால்பக்கம், மகள் இடுப்பில் கை கொடுக்க, மூன்று பேரும் சந்தைக் கடந்து குளிர்காலத்துக்குள் தூக்கி வந்தார்கள். கூடத்துத் தரையில் கிடத்தினார்கள். மகள் ஃபிரீசரில் உறைந்திருந்த தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து கழுத்திலும் கக்கத்திலும் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்கு போன் போட்டாள். மாமனார் அப்போதுதான் கிடைத்த மஃப்ளரைத் தானே நனைத்துக் கொடுத்தார். அந்த மஃப்ளர் தண்ணீரைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

கூலிங்காரர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். உலகம் அழிகிற கதையை ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, ஒரே ஓர் ஆள் போய்விட்டால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் போனதுபோல் இருந்தது. டைப்பிஸ்ட் அம்மா லேசாக நடுங்கினார். கண்கள் சுற்றிப் பார்த்தன.

"இது எந்த இடம்?"

"எங்க வீடும்மா."

"குளிருது."

"குளிர்காலம்மா."

டைப்பிஸ்ட் அம்மா தொண்டையைச் செருமினார். "கரண்டைக் கெடுத்தது நீதானே, கூலிங்கு? உருப்படுவியாய்யா நீ?"

"உருப்பட மாட்டேம்மா!" என்று கூலிங்காரர் துள்ளி எழுந்தார். "சத்தியமா உருப்பட மாட்டேன்! இன்னும் ரெண்டு திட்டுங்க!"

ஆம்புலன்சில் வந்தவர்கள் சோதித்துவிட்டு, நல்ல நேரத்தில் குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார்கள். எதற்கும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்று கூட்டிப் போனார்கள். போகும்போது, அவர்களில் ஒருவர் கொஞ்ச நேரம் கூடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. திறந்த கதவை இனி மூடி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பார்லர் அக்கா அப்படி நினைக்கவில்லை. "அப்படியே நின்னா எப்படி? உள்ள வர்றவங்க வாங்க, கதவைச் சாத்துங்க, குளிர் போகுது! வயசானவங்க முதல்ல. கைக்குழந்தைக்காரங்க மேஜைக்கிட்ட வாங்க. ஏம்பா, நீ சுவத்துல முதுகு தேய்ச்சவன்தானே, கடைசியா வா!" ஒரு வாரம் நாலு பேரை ஆண்ட அனுபவம் தெருவை ஆளப் போதுமானதாக இருந்தது. கூடம் நிறைந்தது, படுக்கையறை நிறைந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல வந்த லைன்மேன், "யாரு வீட்டு லோடு தெரியுமா இது?" என்று கண்டிப்பாக ஆரம்பித்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. எழுப்பாததால் மின்சாரம் வரவும் இல்லை.

குழந்தைகளுக்குப் பசித்தது. பின்னறை திறக்கப்பட்டது. வருடக்கணக்கில் தாங்க வேண்டிய மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விறகு அடுப்பு வாசல் முற்றத்தில் எரிந்தது. அரிசியும் பயறும் ஒரே அண்டாவில் கொதித்தன. கூலிங்காரர் கரண்டியைப் பிடித்து எல்லோருக்கும் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்க, நிறைய இருக்கு," என்று அவரே சொன்னதைக் கேட்ட மகள் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா கூரையைப் பார்த்தார்.

ஒரு பெண் பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, பார்லருக்கு நல்ல இடமாச்சே இது! ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க?"

கூடம் முழுக்கக் கூலிங்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் அண்டாவைக் கிண்டுவதில் மும்முரமாக இருந்தார்.

அந்தக் கோடை முடிவதற்குள் பின்னறை பார்லர் ஆயிற்று. சுவர் அளவுக்குக் கண்ணாடி, சாய்கிற நாற்காலி, குழாயடியில் தலை அலசும் தொட்டி. குளிர்காலத்துக்குப் பரண் ஒதுக்கப்பட்டது. கூலிங்காரர் மறுபடி மூட்டை சேர்க்கிறார்; முன்னைவிடப் பெரிய மூட்டைகள், ஏனென்றால் இப்போது கணக்கு தெருவுக்கு. கதவைத் திறக்கக் கூடாது என்ற சட்டத்தைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. அடுத்த குளிர்காலம் எப்போது என்று வெயில் ஏறும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். அதற்கெல்லாம் ஆசைப்படக் கூடாது, அது பயங்கரமானது என்று அவர் விளக்குவார். எண்ணெய் உறைந்த கதைக்கு வரும்போது விளக்கம் தடம் மாறிவிடும்.

பார்லருக்கு முதல் வாடிக்கையாளராக வந்தவர் டைப்பிஸ்ட் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த புது ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார். கதவருகே கூலிங்காரர் நின்றிருந்தார்.

"ஏய் கூலிங்கு. இந்தச் சனியனோட பின்பக்கம் யார் வீட்டைப் பாத்து இருக்கு?"

"எங்க வீட்டைத்தாம்மா," என்றார் அவர். "என் கட்டிலுக்கு நேரா மாட்டியிருக்கேன்."

டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடி வழியாகப் பார்லர் அக்காவைப் பார்த்தார். பார்லர் அக்கா கத்தரிக்கோலைத் துடைத்தபடி, ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்பச் சரி," என்று டைப்பிஸ்ட் அம்மா தலையைச் சாய்த்துக் கொடுத்தார். "காதுக்கிட்ட ரொம்பக் குறைச்சுடாதே. குளிரும்."